பின்பக்கத்துச் சென்சார்

ஊரைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் என் காரை இரும்புலியூரில் மெக்கானிக் நண்பன் ஒருவனுடைய ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போவது வழக்கம். ஒரு சாவி என்னிடம் இருக்கும், இன்னொன்று அவனிடம். பாட்டரி இறங்காமலிருக்க அவ்வப்போது ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று முதல் தடவை கொடுத்தேன். திரும்பி வந்தபோது வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. அவனுடைய சாவிக்கொத்தில் வீட்டுச் சாவிக்கும் ஷெட் சாவிக்கும் நடுவில் என் கார் சாவியும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊரில் ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றும். ரேஷன் கார்டு கூட இல்லாதவனுக்கு அப்படித் தோன்றியது அந்தச் சாவியால்தான்.

எனக்கு ஒரே இடத்தில் இருக்க வராது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். யாரும் விரட்டவில்லை, நானாகத்தான் போனேன். லாரியில் கிளீனராக இருந்தேன். ஹோட்டல்களில் மாவாட்டினேன். பம்மலில் தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெந்து, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனதும் அதையும் விட்டேன். தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே படுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அவன் பழக்கமானான். ஷெட் போட இரும்பு பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டான். அவன் வெல்டிங் வைக்க, நான் தகரத்தையும் இரும்பு ஆங்கிளையும் பிடித்துக்கொண்டு நிற்க, அந்த ஷெட்டும் அதன் கேட்டும் எழுந்தன. வெல்டிங்கை முடிக்கும்போது கையைச் சுண்டி மேலே இழுப்பான். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் தேள் கொடுக்கு மாதிரி ஒரு சின்ன வால் நிற்கும்.

"இதான் மச்சான் நம்ம கையெழுத்து. எவனாலயும் போட முடியாது," என்பான்.

"அழகா முடிக்கத் தெரியலன்னு சொல்லு," என்பேன் நான்.

வேலை முடிந்த பிறகும் ஷெட்டிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னான். பழைய வண்டி ஒன்றை ஓட்டிப் பழகச் சொல்லி லைசென்ஸ் எடுக்க வைத்தான். பின்னால் நான் செகண்ட் ஹேண்டில் இந்த பெட்ரோல் கார் வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தபோது, என்ஜினில் காது வைத்துக் கேட்டு, "எடுத்துக்கோ, நல்ல குதிர" என்று சொன்னதும் அவன்தான். அவன் குடும்பம் இரும்புலியூரின் பழைய குடும்பம். வயல் இருந்த இடமெல்லாம் வீடுகளாகி வாடகை வந்துகொண்டிருந்தது. மெக்கானிக் வேலை அவன் ஆசைக்குச் செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு வறுமையைக் காரணம் காட்ட முடியாது. வறுமையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அது அந்த ஷெட்டுக்குள் வந்ததில்லை.

போன அறுவடைக்கு நாகப்பட்டினம் பக்கம் நெல் அறுக்கும் மிஷினோடு போனேன். மிஷின்காரர் பழக்கமானவர். வயல் வயலாக நகர்ந்துகொண்டே இருக்கும் வேலை, எனக்குப் பொருந்தும். அறுப்பு முடிந்தும் உடனே திரும்பவில்லை. கடற்கரையோரமாக அங்கே இங்கே சுற்றிவிட்டு, கைக்காசு தீர்ந்த பிறகு தாம்பரம் வந்து இறங்கினேன். கார் துடைத்து வைத்தபடி நின்றது. ஸ்டார்ட் செய்தபோது சத்தம் கொஞ்சம் கரகரவென்று இருந்தது, சளி பிடித்தவன் பேசுகிற மாதிரி.

"ரொம்ப நாள் நின்னுகினு இருந்துச்சில்ல, ஓட ஓட சரியாயிடும்," என்றான்.

ஓட ஓட மஞ்சள் விளக்குதான் வந்தது. முதல் சில நாள் ஒன்றுமில்லை. ஒருநாள் வண்டலூர் தாண்டிக்கொண்டிருக்கும்போது மீட்டருக்குள் என்ஜின் படம் போட்ட அந்த விளக்கு எரிந்தது. சவாரியை இறக்கிவிட்டு நேராக ஷெட்டுக்குப் போனேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினான். P0420 என்று வந்தது.

விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மச்சான், உன் வண்டியே உன்ன ஃபோர் ட்வென்ட்டின்னு சொல்லுது!"

"விளையாடாதடா. அப்டின்னா இன்னா?"

"பின்னாடி கீற ஆக்ஸிஜன் சென்சார் பூட்ச்சு. தண்ணி ஏறிக்கினு இருக்கும்."

"ஷெட்டுக்குள்ள தண்ணி எங்கேந்துடா வந்துச்சு?"

"சாரல் அடிக்காதா? நெல்லு அறுக்கப் போன ஆளு நீ, எனக்கு சென்சார் பாடம் எடுக்கறியா?"

நான் ஸ்கேனரை எட்டிப் பார்த்தேன். நம்பர் எனக்குப் படிக்கத் தெரியும். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடியது, அதை எழுத்துக் கூட்டுவதற்குள் அவன் திரையை மாற்றிவிட்டான். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆங்கிலத்தில் வருகிற எதையும் அவன்தான் எனக்குப் படித்துச் சொல்வான். லைசென்ஸ் ஃபாரம், இன்சூரன்ஸ், சவாரி ஆப்பில் வருகிற மிரட்டல்கள், எல்லாம்.

புதுச் சென்சார் வாங்கிவந்தேன். அவன் காருக்கு அடியில் படுத்து, "மச்சான், இருவத்திரண்டு ஸ்பேனர் குடு" என்று கையை நீட்டினான். கொடுத்தேன். கூலி வேண்டாம் என்றுவிட்டான். ஸ்கேனரில் அந்த நம்பரை அழித்ததும் விளக்கு அணைந்தது. டீ குடித்தோம். கொஞ்ச நாளில் விளக்கு மறுபடி எரிந்தது, அதே நம்பர்.

"டூப்ளிகேட் சென்சார் குடுத்துட்டான் உனுக்கு. மூஞ்சப் பாத்தாலே தெரியுது ஏமாளின்னு," என்றான். இரண்டாவது சென்சாரை அவனே வாங்கிவந்து மாட்டினான். அப்போதும் அடியில் படுத்தான், நான் ஸ்பேனர் கொடுத்தேன். அதற்கும் கூலி வாங்கவில்லை.

இதற்குள் எஃப்.சி. எடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. வாடகை வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்குகிற சர்டிபிகேட் அது. அது இல்லாவிட்டால் ஆப்பில் சவாரி வராது. அதற்கு முன்னால் புகைச் சோதனையில் தேற வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டில் புகை பார்க்கிறவர் குழாயில் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, ஆட்டோவ விட மோசமா கீது. சரி பண்ணிட்டு வாங்க," என்று திருப்பி அனுப்பினார். மூன்றாவது சென்சார் வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவனைச் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை. சென்சார் விற்ற கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன், சாரலைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

மறைமலை நகரில் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் சேலையூரிலிருந்து அடிக்கடி என் காரில் வருவார். என்னைவிட வயதில் சின்னவர். அவர் பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊரப்பாக்கத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தோம். பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, செக் என்ஜின் லைட் போன வாரமும் எரிஞ்சுதே. பார்க்கலையா?"

"சென்சார் ரெண்டு தடவ மாத்தியாச்சு மேடம். மறுபடி மறுபடி வருது."

"என்ன நம்பர் வந்துச்சு?"

"ஃபோர் ட்வென்ட்டி."

அவர் சிரிக்கவில்லை. "அது சென்சார் நம்பர் இல்லையேண்ணா. பின் சென்சார் போயிருந்தா நூத்தி முப்பத்தாறு, முப்பத்தேழு, அந்த மாதிரி வரும். ஃபோர் ட்வென்ட்டின்னா கன்வெர்ட்டர் வேலை செய்யலன்னு அர்த்தம். அதைச் சொல்றதே பின் சென்சார்தான்."

"புரியல மேடம்."

புகைக்குழாயின் நடுவில் ஒரு டப்பா இருக்கும், அதுதான் கன்வெர்ட்டர், உள்ளே தேன்கூடு மாதிரி துளை துளையாக ஒரு கல் இருக்கும், கெட்ட புகையை அது சுத்தம் செய்யும் என்று சொன்னார். டப்பாவுக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். இரண்டு சீட்டுக்கும் நடுவில் கையை நீட்டி இரண்டு விரல்களைக் காட்டினார். "முன் சென்சார் இப்படி ஆடிட்டே இருக்கணும். பெட்ரோல் கூடுதா குறையுதான்னு என்ஜினுக்குச் சொல்றது அது. பின் சென்சார் கிட்டத்தட்ட ஆடாம நிக்கணும். புகை சுத்தமாகி வருதுன்னு அர்த்தம். ரெண்டும் சேர்ந்து ஆடுச்சுன்னா நடுவுல இருக்கற டப்பா சும்மா இருக்குன்னு அர்த்தம். ஃபோன்ல கனெக்ட் பண்ற ஸ்கேனர் கிடைக்கும், நீங்களே பார்க்கலாம். சென்சார் பாவம்ணா, அது உண்மையத்தான் சொல்லிட்டு இருக்கு."

பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரன் அடித்தான். வண்டியை நகர்த்தினேன்.

அவரை இறக்கிவிட்டதும் கடை தேடி அந்தச் சின்ன ஸ்கேனரை வாங்கினேன். வாடகைக் கார்கள் காத்திருக்கிற காலி மனையில் நிறுத்தி, என்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் மிதித்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தேன். இரண்டு கோடுகள் வந்தன. மேல் கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடியது. கீழ்க்கோடும் அதே மாதிரி ஓடியது. ஒருவனுடைய நடையை அவன் பின்னாலேயே வந்து இன்னொருவன் கேலி செய்கிற மாதிரி இருந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதித்தேன். அப்படியேதான் இருந்தது.

என்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்தேன். பிறகு யாரோ ஒருவருடைய பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் பேனர் கிழிந்து கிடந்ததை எடுத்துவந்து கீழே விரித்து, வண்டிக்கு அடியில் படுத்தேன். கன்வெர்ட்டர் டப்பாவை ஸ்பேனரால் தட்டினேன். காலி எண்ணெய் டின்னைத் தட்டியது போலக் கேட்டது. டப்பாவைச் சுற்றி ஒரு பட்டை மட்டும் புதிதாக வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தது. மற்ற இடமெல்லாம் பழைய துரு. ஸ்பேனர் நுனியால் பெயின்ட்டைச் சுரண்டினேன். உள்ளே வெல்டிங். டப்பாவை அறுத்துத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, திரும்ப மூடியிருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே போய் வெல்டிங் முடிகிற இடத்துக்கு வந்தேன். அங்கே தேள் கொடுக்கு மாதிரி ஒரு சின்ன வால் நின்றது.

அப்படியே படுத்துக் கிடந்தேன். வேறு யாராவதாக இருக்கக்கூடும் என்று மனம் கொஞ்ச நேரம் தேடியது. எனக்கு வண்டி விற்றவன், அதற்கு முன்னால் வைத்திருந்தவன். ஆனால் பெயின்ட் புதியது, வால் அவனுடையது. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. இரண்டு தடவையும் சென்சார் மாற்ற அவன் படுத்தது இதே இடத்தில்தான். இந்த வெல்டிங் அவன் முகத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவன் என்னிடம் இருபத்திரண்டு ஸ்பேனர் கேட்டிருக்கிறான்.

ஷெட்டுக்குப் போனபோது மத்தியானம். அவன் சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஷெட்டை ஒட்டித்தான் வீடு. குக்கர் சத்தம் கேட்டது. நான் கேட்டிலேயே நின்றேன். கேட்டின் ஒவ்வொரு கம்பியிலும் அந்த வால் இருந்தது.

"இன்னா மச்சான், அங்கயே நிக்கற? வா, சாப்ட்லாம்."

"கன்வெர்ட்டர்ல வெல்டிங் யாரோடது?"

"எந்த வண்டில?"

"என் வண்டிலடா."

அவன் கையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நகக்கண்ணெல்லாம் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியில் துடைத்தான். பிறகு, "பாத்துட்டியா?" என்றான்.

நான் கேட்டைத் தாண்டி மேஜையருகே போனேன்.

"பம்மல்லேந்து ஒரு ஸ்கிராப்காரன் வந்துகினே இருந்தான். உள்ள கீற கல்லுல பிளாட்டினம் கீதாம், செம கிராக்கி. ரெண்டு மூணு வண்டில எடுத்துக் குடுத்தேன். உன்னுது சும்மா நின்னுகினு இருந்துச்சு. ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன், லைட்டே வரல. சரி, வராது போலன்னு உட்டுட்டேன்."

அவன் கோட்டைவிட்டது அங்கேதான். ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து பார்த்தால் அந்த விளக்கு வராது. வண்டி பல நாள் ரோட்டில் ஓடி, சென்சார் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்த பிறகுதான் வரும். ஒரு நடை செங்கல்பட்டு வரை ஓட்டிப் பார்க்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. என்னிடம் செய்ததை அவ்வளவு அலட்சியமாகச் செய்திருக்கிறான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"உன்ன எங்க போய்க் கேக்கறது? ஃபோன் போட்டா ஸ்விட்ச் ஆஃப். நீ வருவியா மாட்டியான்னு யாருக்குத் தெரியும்? எங்கனா ஒரு ஊர்ல அப்டியே செட்டில் ஆயிடுவன்னு நெனச்சேன். நீ அந்த மாதிரி ஆளுதானடா."

"வராதவன் எதுக்குடா சாவி குடுத்துட்டுப் போறான்?"

அவன் துணியைக் கீழே எறிந்தான். கோபம் வந்துவிட்டது. "இப்ப இன்னா, கொலையா பண்ணிட்டேன்? ரெண்டு வாட்டி ஓசில மாட்டிக் குடுத்தேன்ல? தூங்க எடம் குடுத்தேன்ல? ரொம்ப பேஜார் பண்ணாத மச்சான்."

"திரும்பி வந்தப்பறமாவது சொல்லியிருக்கலாம். சென்சார் போச்சுன்னு எதுக்குச் சொன்ன?"

"சொன்னா நீ இப்டிதான் வந்து நிப்பன்னு தெரியும். அதான்."

அப்படி நான் வந்து நிற்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று நான் வழியெல்லாம் நினைத்துப் பார்த்திருந்தேன். அழுவான் என்றோ, காலைப் பிடிப்பான் என்றோ எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் சிறுத்துப் போகும் என்று நினைத்தேன். அது எப்போதும் போலவே இருந்தது. அவன் மேஜை டிராயரைத் துழாவி, விரல் தடிமனில் ஒரு சின்ன இரும்புக் குழாயை எடுத்துக் காட்டினான். இரண்டு முனையிலும் மரை வெட்டியிருந்தது.

"தோ பாரு. இத நடுவுல மாட்டிட்டா சென்சார் கொஞ்சம் தள்ளி நிக்கும். புகை நேரா படாது. லைட்டு ஜென்மத்துக்கும் வராது. புகை சர்டிபிகேட்டுக்கு நம்ம ஆள் ஒருத்தன் கீறான், வண்டியே போவத் தேவையில்ல. நாளைக்கே முட்ச்சிடலாம். உனக்கு எஃப்.சி. தான வேணும்?"

நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சவாரி நின்றால் எனக்குச் சோறு நிற்கும், அது பழகிய கணக்கு. அவன் சொன்னது நடக்கும் என்றும் தெரியும். விளக்கு அணைந்துவிடும், நானும் சென்சாரைப் போலக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டால் போதும். பழையபடி டீ குடிக்கலாம், அவன் என்னைக் கிண்டல் செய்யலாம், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது வண்டியை இங்கேயே விட்டுப் போகலாம். கடைசியாக நினைத்ததில்தான் மனசு நின்றுவிட்டது. இனி இங்கே விட்டுப் போனால், எந்த ஊரில் படுத்தாலும் இந்த ஷெட்டைத்தான் நினைத்துக்கொண்டு படுப்பேன்.

குழாயை மேஜைமேல் வைத்தேன். "சாவியக் குடு," என்றேன்.

"எந்தச் சாவி?"

"என் வண்டிச் சாவி."

இடுப்பிலிருந்து கொத்தை எடுத்தான். அந்த வளையம் இறுக்கமானது. நகத்தை விட்டு நெம்பினான், வழுக்கியது. மறுபடி நெம்பினான். நான் உதவி செய்யவில்லை. வீட்டுச் சாவியைக் கழற்றி மேஜையில் வைத்து, பிறகு என் சாவியைக் கழற்றி, அதையும் மேஜையில்தான் வைத்தான், என் கையில் கொடுக்கவில்லை.

அவன் மனைவி கதவுக்கருகில் வந்து, "அண்ணா, தட்டு போட்டாச்சு. உங்களுக்குப் புடிச்ச காரக்கொழம்பு," என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"இன்னொரு நாள் வரேன்மா," என்றேன். அவன் குனிந்து வீட்டுச் சாவியை வளையத்தில் திரும்பக் கோத்துக்கொண்டிருந்தான்.

விபத்தில் நொறுங்கிய அதே மாடல் வண்டி ஒன்றின் கன்வெர்ட்டர் கிடைத்தது. கூடுவாஞ்சேரியில் எனக்கு யாரென்றே தெரியாத ஒரு மெக்கானிக் மாட்டினார். உள்ளே கல் இருக்கிறதா என்று டப்பாவைத் தூக்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டவிட்டேன். அவர் ஸ்கேனரில் நம்பரை அழிக்கப் போனார், வேண்டாம் என்றேன். விளக்கு தானாக அணையட்டும் என்று இருந்தேன். சில நாள் ஓடிய பிறகு, ஒரு காலையில் ஸ்டார்ட் செய்தபோது அது எரியவில்லை. ஃபோனில் பார்த்தேன். மேல் கோடு ஆடியது, கீழ்க்கோடு அசையாமல் போனது. புகைச் சோதனையில் தேறியது, எஃப்.சி.யும் வந்தது. சேலையூர் மேடம் எட்டிப் பார்த்து, "சென்சார் பொழைச்சுது," என்றார்.

அவன் இரண்டு தடவை ஃபோன் செய்தான், எடுக்கவில்லை. பிறகு செய்யவில்லை. இரும்புலியூர் வழியாகச் சவாரி வந்தால் போகிறேன், ஷெட் கேட் திறந்திருப்பது தெரியும், வேகத்தைக் குறைப்பதில்லை.

இந்த அறுவடைக்கும் மிஷின்காரர் கூப்பிட்டார். "இன்னாப்பா, எப்ப கெளம்பற? வயக்காடெல்லாம் மஞ்சப் பூத்து நிக்குது."

வண்டியை எங்கே விடுவது என்று யோசித்தேன். ரயில் நிலையத்து வாகன நிறுத்துமிடம், கூடுவாஞ்சேரி மெக்கானிக் ஷெட், நான் குடியிருக்கும் தெருவின் முனை. ஒவ்வொரு இடமாக மனசுக்குள் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் வண்டிக்கு அடியில் யாரோ படுத்திருந்தார்கள்.

"இந்த வாட்டி வரலண்ணா," என்றேன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார். அவரிடம் நான் வரவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு சாவிகளும் இப்போது என் சட்டைப் பையில்தான் இருக்கின்றன. ஒன்றில் அவனுடைய கிரீஸ் இன்னும் போகவில்லை. குனியும்போது இரண்டும் சேர்ந்து கீழே விழும், இரண்டையும் பொறுக்கிக்கொள்கிறேன்.